தொங்கும்போது முறுக்காதே

எங்கள் வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் சண்டி. வைத்தது மாமியார். எனக்கு அவள் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வேலையை 'உன்னால் முடியாது' என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய் அதை முடித்துவிட்டு வந்துதான் மறுவாய் சாப்பிடுவாள்.

அவள் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். காருக்கு எது வந்தாலும் வீட்டின் பின்முற்றத்தில் அவரே அடியில் படுத்துச் சரிசெய்வார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி அவரோடு சண்டை போடுவாள். ஒருநாள் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அழுது அழுது அவளுக்குக் குரலே போயிருந்த அந்த வாரத்தில் என் கணவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"காரை வித்துடலாமா அண்ணி?"

"சரி."

"மாடி ரூமைக் காலி பண்ணிட்டு உங்க அம்மா வீட்டுல போய் இருக்கீங்களா?"

"சரி."

கிணற்றில் குதி என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. இழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது?

கொஞ்சம் தேறி எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையைப் பிடித்தாள். என் கணவரோ அந்தச் 'சரி'யைப் பதிவு செய்த பத்திரம்போல வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் "அன்னிக்கு சரின்னு சொன்னீங்கல்ல?" என்பார். உடும்புப் பிடி.

இந்த நேரம் பார்த்துக் காரின் பின்பக்கம் கடகடக்க ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முனகியது. பிள்ளைகள் அதற்குக் 'கிழவி' என்று பேர் வைத்தார்கள். பெற்றோர் முகம் சுளித்தார்கள். என் கணவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காரைப் பாக்கத் தரகர் வர்றார். அதுக்குள்ள சத்தம் நின்னா கார் உங்களோடது, மாடி ரூமும் உங்களோடது. நிக்கலேன்னா, நீங்க சொன்ன சரி சரிதான்."

"பாத்துடலாம் தம்பி," என்றாள் அக்கா.

சனிக்கிழமை காரின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினாள். சக்கரத்தையும் வண்டியின் உடம்பையும் பிடித்திருக்கிற இரும்புக் கைகளுக்கு ஆர்ம் என்று பேர். அவற்றின் மூட்டுகளில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் வளையங்கள், அதாவது புஷ்கள், எல்லாம் வெடித்துப் பிளந்து கிடந்தன. ஆர்ம்களைச் சாக்கில் கட்டி லேத்துப் பட்டறைக்குத் தூக்கிப் போய், பழைய புஷ்களை வெளியே தள்ளிப் புதியவற்றை அழுத்திக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு காலை மாட்ட ஆரம்பித்தோம். நான் ஜாக்கியால் ஆர்மைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த, அவள் துளைக்குத் துளை பார்த்து போல்ட்டைச் சொருகினாள். ஸ்பிரிங் ஒருமுறை வழுக்கி வெளியே வந்தது. அதைத் திட்டித் திட்டியே உள்ளே உட்கார வைத்தாள். பிறகு ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் என் கணவரின் காதைத் திருகுவதுபோல் திருகினாள். சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்கினோம்.

பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்திப் பார்த்தால் விறைப்பாகக் கிறீச்சிட்டது.

என் கணவர் காபி டம்ளரோடு வெளியே வந்தார். "என்ன அண்ணி, கார் குனிஞ்சு கும்பிடுது?"

"அதுக்காவது பணிவு இருக்கே," என்றார் மாமியார்.

அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கார் போனால் இவளும் போவாள். இந்த வீட்டில் நான் யாரோடு சிரிப்பேன்?

திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "தொங்கும்போதே முறுக்கிட்டேன்டி!"

"என்னக்கா?"

"சக்கரம் அந்தரத்துல தொங்கறப்ப முறுக்கினா, ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். தரையில இறக்கினா அது முறுக்கிக்கிட்டே கிடக்கும், சீக்கிரம் கிழிஞ்சும் போயிடும். தரையில நிக்க வெச்சு, பாரம் தாங்கறப்பதான் முறுக்கணும். அவர் எத்தனை வாட்டி கத்தியிருப்பார்!"

தடித்த மரப் பலகைகளைப் போட்டுக் காரை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தினாள். அடியில் நுழைந்து எல்லா போல்ட்டையும் தளர்த்தினாள். பெருமூச்சு விட்டதுபோல் பின்பக்கம் மெல்லத் தணிந்தது.

"தம்பி, பின் சீட்டுல ஏறி உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"பாரம் வேணும். இந்த வீட்டுல உங்களை விட்டா வேற பாரம் ஏது?"

மாமியார் சிரித்துவிட்டார். அவரையும் ஏற்றினேன். என் கணவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "சத்தம் நிக்கலேன்னா, அன்னிக்குச் சொன்ன சரி சரிதான்," என்றார்.

காருக்கு அடியில் ஸ்பேனர் நின்றது.

"அன்னிக்கு நான் அந்தரத்துல தொங்கிட்டிருந்தேன் தம்பி. அவர் போயி, கால் தரையில பாவாம தொங்கிட்டிருந்தேன். அப்ப வந்து முறுக்கிட்டுப் போனீங்க. அது செல்லாது. இப்ப நான் தரையில இருக்கேன். இப்ப கேளுங்க."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேளுங்க!"

"கேளேன்டா," என்று மாமியார் அவரை இடித்தார்.

"காரை... வித்துடலாமா அண்ணி?"

"முடியாது." ஒரு போல்ட் இறுகியது.

"மாடி ரூமை..."

"முடியாது." இன்னொன்று.

"அம்மா வீட்டுக்கு?" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நீ வேணா போடி."

அவள் கிரீஸ் முகத்தோடு வெளியே வந்தபோது தரகர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்கதவைத் திறந்துவிட்டாள். நான் பின்னால் இடுக்கிக்கொண்டு ஏறினேன். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினோம். சத்தமில்லை. வேண்டுமென்றே குழி விழுந்த சந்துக்குள் விட்டாள். அங்கேயும் சத்தமில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

தரகர் பின்னால் திரும்பி என் கணவரைப் பார்த்தார். "கடகடன்னு சத்தம் போடற வண்டின்னு சொன்னீங்க, ஜம்முன்னு போகுதே! விக்கறதுதானே சார்?"

அக்கா வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியில் தன் கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றார் என் கணவர். "விக்கல."

"சரி," என்றாள் அக்கா.