ஆளில்லாப் படகின் படம்

செல்போனை நான் முதன்முதலாகத் திட்டியது, அதில் கேமரா இருந்ததற்காக. என் கொழுந்தனார் மீன் ஏவாரத்துக்கென்று அதை வாங்கி வந்தார். லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்போது படம் எடுக்கிற போன் அது ஒன்றுதான். நண்டை எடுப்பார், காயப்போட்ட கருவாட்டை எடுப்பார், அடுப்பு ஊதுகிற என்னையும் விடமாட்டார். எடுத்த படத்தை இன்னொரு போனுக்கு அனுப்பலாம் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாப்பா ரீலு வுடற? போட்டோ இன்னா, காத்துல பறந்து பூடுமா?"

அந்த ஆடி மாதம் என் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளி ஒருத்தரும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தேடப்போன படகுகள் வெறுமனே வந்தன. மூன்றாம் நாள் காலையில், கொழுந்தனாரோடு ஏவாரம் செய்கிற ஆந்திரக்காரர் ஒருவர் போன் செய்தார். அவர் ஊர்க் கரையில் ஒரு படகு கிடக்கிறதாம். ஆள் இல்லை, இன்ஜினும் இல்லை, உங்களுடையதா என்று பாருங்கள், படம் அனுப்புகிறேன் என்றார்.

படம் வருவதற்குள் ஆள் இல்லை என்ற சேதி தெரு முழுக்கப் போய்விட்டது. பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உதறிவிட்டு எழுந்தேன்.

படம் லேசில் வரவில்லை. மெசேஜ் வந்திருப்பதாகப் போன் சொன்னது, திறந்தால் திறக்கவில்லை. சிக்னலுக்காக லைட்ஹவுஸ் மதிலோரம் ஓடினோம். திரையில் ஒரு கோடு நகர்ந்தது, பாதியில் நின்றது, திரும்ப முதலிலிருந்து நகர்ந்தது. அந்தக் கோட்டைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், கும்பிட்டேன்.

படம் விழுந்தது. தீப்பெட்டி அளவுதான். நீலப் படகு, முனையில் நானே பூசிய மஞ்சள் பட்டை. வேறு மாநிலத்து மணலில் கிடக்கிற எங்கள் படகு என் உள்ளங்கையில் இருந்தது. அந்தத் துக்கத்திலும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கொழுந்தனார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "கவுந்திருக்கும் அண்ணி. இன்ஜினே இல்ல பாரு," என்று தேம்பினார்.

நான் போனைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். படகுக்குள் வலை இருந்தது. வெள்ளை மிதவைகள் எல்லாம் ஒரே பக்கமாக வரிசையாகத் தெரிந்தன. மேலே குறுக்கே ஒரு துடுப்பு.

எங்கள் ஆட்கள் கடலில் வலையை அள்ளிப் போடுவதோடு சரி. கரையேறிய பிறகுதான் மிதவை ஒரு பக்கம், ஈயக்குண்டு ஒரு பக்கம் என்று பிரித்து மடிப்பார்கள். மடித்த வலையைக் காற்று கிளப்பாமலிருக்கத் துடுப்பைக் குறுக்கே வைப்பது என் வீட்டுக்காரரின் வழக்கம். அனுப்பியவர் ஆள் இல்லாத படகைத்தான் அனுப்பினார். எனக்கு அதற்குள் என் வீட்டுக்காரரின் கை தெரிந்தது.

"தே, எழுந்திரு! செத்தவனா வலைய மடிச்சு வெப்பான்? கரையில எறங்கித்தான் மடிச்சு வெச்சிருக்காரு. இன்ஜின அவுத்து ரிப்பேருக்கு எட்த்துகினு போயிருக்காரு!"

துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் பொட்டைக்கூட அழுத்தமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்று, நீரோட்டம் வடக்கே இழுத்துப்போயிருக்கிறது. கரையேறியதும் இன்ஜினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடி நடந்திருக்கிறார்கள். கொழுந்தனாரின் போன் நம்பர் எழுதிய சீட்டு நனைந்து கூழாகிவிட்டதால் சேதி சொல்ல வழியில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன்.

"ஒரு படம் எடுப்பா."

"இன்னாத்துக்கு அண்ணி?"

"அந்த ஆந்திராக்காரருக்கு அனுப்பு. படகுல ஆள் இல்லனாரே, ஆளு இங்க குந்திகினு துன்றாருனு காட்டு."

எடுத்துக் காட்டினார். தட்டும் குழம்பும் அவர் முகமும் தெளிவாக விழுந்திருந்தன. சோறு போட்ட என் கை மட்டும் நடுக்கத்தில் மங்கலாகியிருந்தது.