நிலவைக் கவ்விய மிருகம்

ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்காமல் போனவள் அட்சயா. மூன்றாவதுக்கு ஏழு மாதமாகியிருந்தபோதுதான் ரொறன்ரோவில் அந்தச் சூரிய கிரகணம் வந்தது.

றிச்மண்ட் ஹில்லிலிருந்து அம்மா யோகமலர் காலையிலேயே போன் எடுத்துவிட்டார். "பிள்ளை, இண்டைக்கு வெளியில காலெடுத்து வைக்காத. பாம்பு விழுங்கிற நேரம்."

"ஓமம்மா." இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாரும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனாலும் திரைச்சீலைகளை இழுத்து மூடினாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: வயிற்றில் அசைவே இல்லை. குளிர்தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் சரிந்து படுத்தாள். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் உடனே வரச் சொன்னார்கள். காரோ பிக்கரிங்கில் வேலைக்குப் போன கணவன் மிதுனனிடம்.

எதிர்வீட்டு இல்டாவின் கதவைத் தட்டினாள். இல்டா பனாமாவின் கூனா இனத்தவள். அவள் வீட்டுச் சுவரில் தாயார் தைத்த மோலா ஒன்று தொங்கியது. வண்ணத் துணிகளை அடுக்கி, வெட்டி, விளிம்பு மடித்துத் தைத்த சித்திரம். புலி மாதிரி ஒரு மிருகம் நிலவைக் கவ்விக்கொண்டிருக்கும். அட்சயாவுக்கு அது பிடிக்காது.

இல்டா சாவியை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, மோலாவையும் கழற்றிக்கொண்டாள்.

ரெக்ஸ்டேலைத் தாண்டுவதற்குள் பகல் மங்கி, தெருவிளக்குகள் எரிந்தன. "நான் வெளியே வந்திருக்கக் கூடாது," என்று அட்சயா ஆங்கிலத்தில் விம்மினாள்.

சிவப்பு விளக்கில் நின்றபோது இல்டா மோலாவை அவள் மடியில் விரித்தாள். "கீழ் மூலையைப் பார்."

வில்லோடு ஒரு வெள்ளைப் பையன்.

"கிரகணம் வந்தால் எங்கள் தீவிலும் எல்லாரும் உள்ளேதான் இருப்பார்கள். எங்களுக்குள்ளேயே நிறமில்லாமல் வெள்ளைத் தோலோடு பிறந்தவர்கள் மட்டும் வெளியே வந்து அந்த மிருகத்தின்மேல் அம்பு விடுவார்கள். யாராவது போகத்தானே வேண்டும்?"

அட்சயாவுக்குப் பயம் போகவில்லை. அந்தச் சின்ன வில்லின் தையலை விரலால் தடவிக்கொண்டேயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளையின் இதயம் துடித்தது, ஆனால் தளர்ந்து. அன்று மாலையே ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பெண்பிள்ளை, உள்ளங்கை இரண்டில் அடங்கும்.

"வெளியில போனியோ?" என்று யோகமலர் பதறினார்.

"போகாட்டி பிள்ளையே இல்லை அம்மா."

வாரக்கணக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகள் இப்போது வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். அவள் தூங்கும்போது மட்டும் அட்சயா கையை அந்த நெஞ்சில் வைத்து, மூச்சு ஏறி இறங்கும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.