எட்டாம் வாரத்துக்கு என்ன வாசிப்பு?

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் தொழில்நுட்ப அறம் என்று ஒரு விருப்பப்பாடம் தொடங்க முடிவுசெய்து, பாடத்திட்டம் போடும் வேலையை என்னிடம் தந்தார்கள். அறத்துக்கும் எனக்கும் அப்படியொன்றும் நெருக்கம் இல்லை. டிபார்ட்மெண்டில் எனக்குத்தான் பீரியட் குறைவு, அவ்வளவுதான். துணைக்கு என் நண்பரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழர், நான் தாராவிக்காரன். அவர் தத்துவக் கட்டுரைகளாகத் தேடிக்கொண்டு வருவார். நான் அவற்றை வெட்டிவிட்டு, கடன் செயலிக்காரர்கள் கடனாளியின் மாமனாருக்குப் போன் போட்டுத் திட்டும் செய்திகளைச் சேர்ப்பேன்.

"ஓய், இது எதிக்ஸ் கோர்ஸாக்கும். உம்ம காமெடி ஷோ இல்லை."

"பயலுவ முழிச்சிருந்தாத்தான சாமி அறம் உள்ள எறங்கும்?"

இந்தச் சண்டையெல்லாம் இணையத்தில் இருவரும் சேர்ந்து திருத்தும் ஒரே கோப்பில் நடந்தது. வாரத்துக்கு ஒரு கட்டம். அதில் விவாதத் தலைப்பு, பக்கத்தில் வாசிப்பு. அவர் அவர் வீட்டில் தட்டினால், என் திரையில் அவர் பெயரைத் தாங்கி ஒரு ஊதாக் கோடு துடிக்கும். என்னுடையது பச்சை.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எட்டாம் வாரக் கட்டத்தில் அவர் கடைசியாக எழுதியிருந்த தலைப்பு: 'இறந்தவரின் கணக்கு யாருக்குச் சொந்தம்?' வாசிப்பு என்ற இடம் காலியாக இருந்தது. அவரே எதையோ கொண்டுவந்து போடுவார் என்று நானும் பாதி நம்பியிருந்தேன் போல. அந்தக் கட்டத்தை நிரப்பவே இல்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து ஒரு மதியம், ஸ்டாஃப் ரூமில், அவர் போனபின் முதல்முறையாக, அந்தக் கோப்பைத் திறந்தேன். எட்டாம் வாரத்தில் ஊதாக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. மேலே அவர் பெயர்.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். விரல் உள்ளே இருந்தது. பிறகு சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியில் ஓடும் இயந்திரத்துக்கு ஒயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். எதிரே வடா பாவ் தின்றுகொண்டிருந்த கணக்கு வாத்தியார், "க்யா ஹுவா?" என்றார். "நெட்வொர்க்" என்றேன்.

மறுநாளும் கோடு வந்தது. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு பக்கத்தில் 'சாமி?' என்று தட்டினேன். கோடு துடித்ததே தவிர நகரவில்லை. மூன்றாம் நாள், காலியாக இருந்த அந்த வாசிப்புக் கட்டத்தில் ஆங்கில ஜே எழுத்து வரிசையாக ஓடியது, ஒரு வரி நிறைய. வேர்த்துவிட்டது. நான் வெட்டித் தள்ளிய கட்டுரைகளில் ஜேயில் தொடங்கும் ஆசிரியர் யாராவது உண்டா என்று தேடினேன். ஒருவர் இருந்தார். மரியாதையாக அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அந்த வாரமே கம்ப்யூட்டர் செக்‌ஷனிலிருந்து மெயில் வந்தது. பாடத்திட்டம் இறுதியானதும் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், என் நண்பரின் கணக்கை மூடிவிடுவார்கள். சொல்வதற்குமுன் மாட்டுங்காவுக்குப் போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தாள். மும்பை வழக்கில் நான் அவளைப் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். "வாங்கோ சார். காபி போடட்டுமா?"

சாப்பாட்டு மேசையில் அவருடைய லேப்டாப் விரிந்தபடி இருந்தது. சார்ஜர் மாட்டியிருந்தது. திரையில் எங்கள் கோப்பு.

"தூங்கிப் போச்சுன்னா பாஸ்வேர்ட் கேக்கும். எனக்குத் தெரியாது. அதான் போறச்சே வரச்சே ஒரு தட்டு தட்டிடுவேன்," என்றாள் அவள். "அன்னிக்குத் தொடைக்கறச்சே என்னமோ எழுத்தா ஓடித்து. உங்களுக்கு ஏதும் கெடுத்துட்டேனா?"

"இல்ல பாபி. நல்ல கட்டுரைதான் வந்துது."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது. அதையும் அவளே நிறுத்தினாள்.

"இதிலே பச்சையா ஒண்ணு ஊர்ந்துண்டு இருக்குமே, அது நீங்கதானே? அது வந்தா நான் இங்கே வந்து உக்காந்துப்பேன். அவர் உங்களோட சண்டை போடறாப்பலயே இருக்கும்."

அவள் திரையில் நானும் ஒரு பேயாக இருந்திருக்கிறேன்.

மறைக்க முடியவில்லை. மெயில் விஷயத்தைச் சொன்னேன். அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"எப்போ மூடுவா?"

"நான் பாடத்திட்டத்த முடிச்சதும்."

"அப்போ மெள்ளப் பண்ணுங்கோ."

மெல்லத்தான் பண்ணினேன். தினம் ஒரு கட்டுரையைச் சேர்ப்பேன், மறுநாள் எடுப்பேன். முகத்தை அடையாளம் காணும் கேமராவை நாலாம் வாரத்திலிருந்து ஆறுக்கு நகர்த்துவேன், மறுபடி நாலுக்கே கொண்டுவருவேன். ஹெச்.ஓ.டி. கேட்டார்: "அப்பா, இந்தக் கோர்ஸ் இந்த ஜென்மத்துல தொடங்குமா?" ஆழமாக யோசிக்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லாததால் அவர் நம்பினார்.

ஒரு நாள் பாபி போன் செய்தாள். இயந்திரம் அப்டேட் போட்டுக்கொண்டு தானாகவே அணைந்து எழுந்துவிட்டதாம். பாஸ்வேர்ட் கேட்கிறதாம்.

"செக்‌ஷன்ல சொல்லி புது பாஸ்வேர்ட் வாங்கித் தரட்டுமா? அவர் மெயில் எல்லாமே தொறந்துரும்," என்றேன்.

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"வேண்டாம். அவர் பெட்டிய நான் தொறந்ததே இல்லை. இப்போ மட்டும் எதுக்கு?" என்றாள். "நீங்க வந்து எழுதறது மட்டும் தெரிஞ்சாப் போறும்."

அன்றே செக்‌ஷனுக்குச் சரி, மூடுங்கள் என்று எழுதினேன். கோப்பைப் பார்க்கும் இணைப்பைப் பாபியின் கைபேசிக்கு அனுப்பினேன். கணக்கு இல்லாமல் அப்படி உள்ளே வருபவர்களுக்கு அந்த மென்பொருள் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு மிருகத்தின் படம் கொடுக்கும்.

எட்டாம் வார வகுப்பில் கோப்பைச் சுவரில் காட்டினேன். வாசிப்பு ஒன்றும் கொடுக்கவில்லை. தலைப்பு மட்டும், அவர் எழுதியபடி. மூடலாம், குடும்பத்துக்குக் கொடுக்கலாம், அழிக்கலாம் என்று பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கையில் மேல் மூலையில் ஒரு ஒட்டகம் வந்து நின்றது.

"சர், யே ஊண்ட் கௌன் ஹை?" என்று, இந்த ஒட்டகம் யாரென்று கேட்டாள் முன்வரிசைப் பெண்.

வழக்கமாக இதற்கு என்னிடம் ஜோக் இருக்கும். "கேக்க வந்திருக்காங்க. நீ பேசு," என்றேன்.

அவள் எழுந்து நின்று, ஒட்டகத்தைப் பார்த்தபடி, அழிக்கலாம் என்ற தன் கட்சியை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குரல் தணிந்தது. ஒட்டகம் வகுப்பு முடியும்வரை போகவில்லை.