மூக்கைப் பிடித்த இரண்டு எழுத்துகள்

சென்ற வாரம் ஒரு காலை. கல்முனையில் ஒரு தனியார் பள்ளிக்கூட வளவில், வேப்ப மரத்துக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே என் மனைவி சிபானாவுக்கு இன்டர்வியூ. வியர்த்தது எனக்கு.

இது மூன்றாவது தடவை. சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. டிப்ளோமாவும் முடித்திருக்கிறாள். ஆனால் முந்திய இரண்டு இடங்களிலும், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டதுமே நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை, நிந்தவூர் வீடு வரைக்கும் பைக்கில் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன்... வழி முழுக்க அழுதிருக்கிறாள்.

நமக்கெல்லாம் இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியாமல் போகிறது. சரிதானே?

சிபானாவுக்கு ஒரு பழக்கம் – அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி வாசிப்பாள். ஒருநாள் 'எஸ் என்' என்று தொடங்கும் பக்கத்தோடு ஓடி வந்தாள்.

"மச்சான், இஞ்ச பாருங்க! ஸ்னீஸ் எண்டா தும்மல். ஸ்னோர் எண்டா குறட்டை. ஸ்னிஃப் எண்டா மோந்து பாக்கிற. ஸ்னவுட் எண்டா மிருகத்துட மூக்கும் வாயும். எல்லாம் மூக்கச் சுத்தியே நிக்கிது!"

"சும்மா அப்பிடி அமைஞ்சிரிக்கும் புள்ள."

"ராத்தா தங்கச்சிமார் ஒரே தெருவுல, ஒரே ஒழுங்கையில வீடு கட்டி இரிக்கிற சும்மாவா அமையிற?"



சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அன்று கேள்வியே கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தின் அதிபர் அம்மா அவளை நேரே நாலாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். "கொஞ்ச நேரம் படிப்பியுங்க, முழுக்க இங்கிலீஷில. என்ன பாடமெண்டாலும் சரி" என்றார். அவரும் இன்னும் இரண்டு பேரும் கடைசி வரிசையில், பின்வாங்கில் உட்கார்ந்தார்கள்.

அரைச்சுவர் வகுப்பறை. மரத்தடியில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. சிபானா வெண்கட்டியோடு அப்படியே நின்றாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

திடீரென்று கிறுகித் திரும்பிக் கரும்பலகையில் எஸ், என் என்ற இரண்டு எழுத்துகளைப் பெரிதாக எழுதினாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து மூக்கைப் பிடித்தாள்.

"வாட் இஸ் திஸ்?"

"நோஸ்!"

ஒரு தும்மல் போட்டாள் பாருங்கள்... மரத்திலிருந்த காகம் பறந்தது! "ஸ்னீஸ்!" என்றாள். வகுப்பே தும்மியது. அடுத்து மேசையில் தலையைச் சாய்த்துக் கர்ர்ர் என்றாள். "ஸ்னோர்! மை ஹஸ்பண்ட்... எவ்ரி நைட்!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி எட்டி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் முன்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பியது. "டீச்சர், ஸ்னேக்?"

பாம்புக்கும் அதே இரண்டு எழுத்துகள்தானே? மூக்கு எங்கே? பின்வாங்கில் இருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சிபானா சிரித்தாள். "வெரி குட் கொஸ்டியன்! ஸ்னேக், ஸ்னோ... சேம் ஸ்ட்ரீட். பட் நாட் ஃபேமிலி!"

அதிபர் அம்மா விடவில்லை. இது மாதிரி வேறு எழுத்துகள் இருக்கின்றனவா என்று இங்கிலீஷில் கேட்டார்.

'டபிள்யூ ஆர்' என்று எழுதினாள். பலகை துடைக்கும் ஈரத் துணியை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். அபாயாவெல்லாம் தண்ணீர். "ரிங்!" பிழிவது. மணிக்கட்டைச் சுழற்றினாள் – "ரிஸ்ட்!" துணியை விரலில் சுற்றினாள் – "ராப்!" முகத்தைச் சுருக்கினாள் – "ரிங்கிள்!" எல்லாவற்றிலும் ஒரு முறுக்கு. முன்னால் நிற்கும் டபிள்யூ மட்டும் வாயே திறக்காது. பிள்ளைகள் காற்றைப் பிழிந்தார்கள். பின்வாங்கில் அதிபர் அம்மாவும் தன்னை அறியாமல் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்!

வெளியே வந்தாள். கையெல்லாம் வெண்கட்டித் தூள்.

"மச்சான், திங்கக்கிழம வரச் சொல்றாங்க."

"இங்கிலீஷ்லயா சொன்னாங்க?"

"ஓம். நானும் இங்கிலீஷ்லதான் சரி எண்டன்."

"ஏன் புள்ள, இண்டைக்கு மட்டும் எப்பிடி நாக்கு பெரண்டிச்சி?"

"என்னப் பத்திக் கேட்டா நான் என்னத்தச் சொல்ற? எனக்கு விருப்பமானதச் சொல்லச் சொன்னா... மறுகா நிப்பாட்டுவனா?"

யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேரிடம் இதுவரை தவறான கேள்வியையே கேட்டிருக்கிறார்கள்?

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். முதல் நாளே பிள்ளைகள் 'தும்மல் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். நம்முடைய பள்ளிக்கூடங்களில் பட்டப்பெயர் விழுந்துவிட்டால்... நிரந்தர நியமனம் கிடைத்த மாதிரிதான்!