பெண் பார்க்கப் போன உபவாசம்

பெண் பார்க்கப் போகிற நாளிலேயே மாமா உபவாசம் இருப்பார் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமா என் அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஏற்கெனவே சில சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. விழுப்புரத்துப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து, இதுவும் கைநழுவிவிடுமோ என்று தவித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டாராம்.

உபவாசம் இருப்பது பிறருக்குத் தெரியக்கூடாது, முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேதாகமத்தில் இருக்கிறது. மாமா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது எண்ணெய் காதோரம் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்திருந்தது.

"உன்னப் பாத்தா மாப்ள மாதிரியாடா கீது?" என்று அம்மா துடைத்துக்கொண்டே வந்தாள்.

பெண் வீட்டில் முதலில் கேசரி, பஜ்ஜி வந்தன. பின்னாலேயே மட்டன் பிரியாணி. மாமாவின் தட்டில் விழுந்ததெல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில் பக்கத்திலிருந்த என் தட்டுக்கு மாறியது. எட்டு வயதில் அதைவிட நல்ல ஊழியம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் பெண்ணின் அப்பா கவனித்துவிட்டார்.

"என்ன தம்பி, ஒன்னுமே சாப்டலியே? சுகர் எதுனா கீதுங்களா?"

மாமாவால் பொய்யும் சொல்ல முடியாது, உண்மையும் சொல்ல முடியாது. சிரித்து வைத்தார்.

"அவன் எப்பவுமே கொஞ்சமாத்தாங்க சாப்டுவான்" என்று அம்மா கூசாமல் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் வயிறு, மின்விசிறிச் சத்தத்தையும் மீறி, நீளமாக ஒரு முறை உறுமியது. பெண்ணின் பெரியம்மா, "வயித்துல கோளாறு போலக்கீதே" என்று முணுமுணுத்தாள். பெண்ணின் அப்பா கை கழுவிவிட்டு வந்து, "யோசிச்சு சொல்றோங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

கழுத்துவரை தின்றிருந்த நான் தண்ணீருக்காக அடுப்படிக்குப் போனேன். பெண் அங்கே உட்கார்ந்திருந்தார். எதிரில் பிரியாணித் தட்டு அப்படியே இருந்தது.

"நீங்க சாப்டலியாக்கா?"

"நான் இன்னிக்கு ஃபாஸ்டிங் பாப்பா."

"எங்க மாமாவும் ஃபாஸ்டிங்தான். யாருகிட்டயும் சொல்லக்கூடாதாம். அவரு பிரியாணியெல்லாம் நான்தான் சாப்ட்டேன்."

"எதுக்காம் ஃபாஸ்டிங்கு?"

"நீங்கதான் வேணுமாம்."

அவர் எழுந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். கூடத்தில் மாமா, எண்ணெய் மின்னும் நெற்றியோடு, பஜ்ஜித் தட்டைப் பார்க்கக் கூடாதென்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை அவர் சிரித்தார். பிறகு தன் அப்பாவை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

அப்பா வெளியே வந்து மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடப்பாவமே, பசியா தம்பி? சாயங்காலம் வரைக்கும் இருங்க. உபவாசத்த நம்ம வூட்லயே முடிச்சிக்கினு போலாம்."

சாயங்காலம் மாமா சாப்பிட்டதைப் பார்த்த பிறகு அவருடைய ஆரோக்கியத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கல்யாணம் நடந்தது; அந்த அக்கா எனக்கு அத்தையானார். சபையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தால் மாமா இதைத்தான் சொல்வார்: "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே காரியத்துக்காக உபவாசம் இருந்தோம். கர்த்தர் கேட்டாரு." பெண்கள் பக்கத்தில் அத்தை தலைகுனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருப்பார். உருகி அழுகிறார் என்று நினைத்து நானும் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொள்வேன்.

போன வருடம் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் அத்தையிடம் கேட்டேன், அன்றைக்கு என்னவென்று ஜெபித்தீர்கள் என்று.

"உங்க மாமா போட்டோவப் பாத்துட்டு, இந்தாளு மட்டும் வேணவே வேணாம் ஆண்டவரேன்னு இருந்தேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிக்கில்லி வெச்சிராதடி. சாட்சி கெட்டுப்பூடும்."