குதிரை உள்ளே வந்த நேரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வந்த ஷேர் ஆட்டோ பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஒரு தொழிற்சாலையின் வாசலுக்குள் குதிரை ஒன்று நிற்கிறது. தேய்ந்த பேரிங், அறுந்த பெல்ட், சைக்கிள் செயின் கொண்டு ஆறு தொழிலாளிப் பெண்கள் சாப்பாட்டு நேரங்களில் செய்தது. கால்களில் தள்ளுவண்டிச் சக்கரங்கள். மாலைக்குள் திருவள்ளூர் போய்ச் சேராவிட்டால் கைவினைப் போட்டியில் அதற்கு இடமில்லை. வெளியே அதை ஏற்றிப்போகக் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டி காத்திருக்கிறது.

"வெளிய எட்துக்கினு போற சீட்டுல கழிவுன்னு போட்டுக்கீது. இது குதிரையாக்கீது," என்கிறார் காவலாளி. "ஒடச்சி எட்துக்கினு போங்க, வுட்டுர்றேன்."

"ஒடச்சிட்டு இன்னாத்தண்ணா போட்டில வெக்கிறது?" என்கிறார் அந்த அறுவரில் ஒருவரான ஸ்டெல்லா, குதிரையின் வாலைப் பிடித்தபடி.

முப்பது ஆண்டுகள் அரசுக் கோப்புகளோடு வாழ்ந்தவனால் சும்மா இருக்க முடியவில்லை. பொருளுக்குத்தான் சீட்டு, வாகனத்துக்குப் பதிவேட்டில் ஒரு வரி போதும் என்கிறேன். காவலாளி குனிந்து நான்கு சக்கரங்களையும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்கிறார். பதிவேட்டைத் திறந்ததும் பேனா நின்றுவிடுகிறது.

"சார், உள்ள வந்த நேரம் காலியாக்கீதே?"

அது காலியாக இருந்தால் வெளியே போன நேரத்தை எழுத முடியாது. விதி அவர் பக்கம். ஆகவே, உள்ளே வருவதற்காகக் குதிரையை வெளியே தள்ளுகிறார்கள்.

சாலைக்கு வந்ததும் குட்டியானைக்காரர் பின்கதவைத் திறக்கிறார். "அப்டியே ஏத்துங்கக்கா, போய்க்கினே இருக்கலாம்."

"நாளைக்கு நாங்க இதே கேட்லதான் வேலைக்கு வரணும்," என்று ஸ்டெல்லா குதிரையைத் திருப்புகிறார்.

குதிரை உள்ளே வருகிறது. நேரம் எழுதப்படுகிறது. மறுபடி அது வெளியேறும்போது காவலாளி விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார். வாகனங்களுக்கு அடிப்பது வழக்கமாம்.