கொழுந்தம்மாவின் நடை

கொழும்பில் ஒரு படப்பிடிப்பின் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அது தொடங்கியது. விஜேந்திரனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடங்களாகத் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தும் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. பொலிஸ்காரன், பெண் பார்க்க வந்தவரின் தம்பி, கடைசிக் காட்சியில் பிணம் என்று கிடைத்ததையெல்லாம் நடித்தான். அன்று சோற்றுப் பார்சல் வரத் தாமதமாகியது. எல்லோரும் பசியில் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கலாம் என்று எழுந்து, ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வெளிவாசலிலிருந்து நடந்து வந்தான். புறப்படும் முன்பே வாசலில் நின்று, "இந்தா வந்துட்டேனுங்க" என்றான். பிறகு வந்து சேர ஒரு நிமிடம் எடுத்தான்.

இயக்குநர் ஜஸீல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யாரு விஜே அண்ணன் இது? எங்க பாத்தீங்க இந்த ஆள?"

"சும்மா, எங்க தோட்டத்துப் பக்கம் ஒரு கெழவி" என்றான் விஜேந்திரன்.

அந்தக் கெழவி அவனுடைய அம்மா ராசம்மா.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தில் ராசம்மாவின் வீடு. விஜேந்திரனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஓர் ஐப்பசி மழையில், கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. கூடியபோது கோணலாகக் கூடியது. நாலு மாதத்தில் திரும்பவும் மலைக்குப் போனாள். அவனும் தங்கை அன்னலட்சுமியும் படித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா இல்லை, வேறு வழியும் இல்லை. சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கூப்பிடும்போது அவள் இன்னும் பாதி வழியில்தான் இருப்பாள். வரிசையில் தன் முறை போய்விடுமோ என்ற பயத்தில் அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "இந்தா வந்துட்டேனுங்க."

ஜஸீல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். கொழுந்தம்மா. கொழும்பில் ஒரு பணக்கார வீட்டில் வேலை செய்யும் தோட்டத்துக் கிழவி. வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். அவள் சமையலறையிலிருந்து "இந்தா வந்துட்டேனுங்க" என்பாள். அவள் வந்து சேர்வதற்குள் அடித்த தொலைபேசி நின்றிருக்கும், வந்த விருந்தாளி போயிருப்பார், அடுப்பில் பால் பொங்கியிருக்கும். அவ்வளவுதான் நகைச்சுவை. முதலில் நாலு வாரம் என்று போட்டார்கள். அது நாலு வருடம் ஓடியது. கல்யாண வீடுகளில் விஜேந்திரனை நடந்து காட்டச் சொன்னார்கள். வெள்ளவத்தையில் காய்கறிக் கடைக்காரர்கூட மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு "இந்தா வந்துட்டேனுங்க" என்றார்.

ஒரு தைப்பொங்கல் நிகழ்ச்சியில் அந்தப் பாத்திரத்தை எப்படி உருவாக்கினீர்கள் என்று கேட்டார்கள். விஜேந்திரன் சற்று யோசிப்பதுபோல் மோவாயைத் தடவிவிட்டு, "கவனிப்புதான். நடிகனுக்கு முதல் தேவை கவனிப்பு. மனிதர்களை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்" என்று பதில் சொன்னான். அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தான். அது தன் நடை என்று பசறையில் அம்மாவுக்குத் தெரியாது என்றும் எப்படியோ நம்பிக்கொண்டான். கொழுந்தம்மாவை அவள் பார்ப்பதற்கென்று பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியவனே அவன்தான்.

போன வருடம் ஆவணியில் அன்னலட்சுமி கூப்பிட்டாள். அம்மாவுக்கு இடுப்பு வலி கூடிவிட்டது, பதுளையில் ஓர் எலும்பு வைத்தியரிடம் நாள் எடுத்திருக்கிறது, நீயும் வா என்றாள். விஜேந்திரன் போனான். பஸ்ஸில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டான். அம்மாவோடு இருக்கும்போது சனம் வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் தங்கையிடம் சொன்ன காரணம். அது முழுப் பொய்யும் இல்லை.

வைத்தியரைக் காணக் காத்திருக்கும் அறை நீளமானது. இருபது பேராவது இருந்தார்கள். அம்மாவை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவன் சுவரோரம் தள்ளி உட்கார்ந்தான். வைத்தியரின் கதவு அறையின் மறுகோடியில் இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு பெண் வந்து "ராசம்மா" என்று கூப்பிட்டாள்.

அம்மா எழுந்தாள். முப்பது வருடப் பழக்கம் வாயிலிருந்து தானாக வந்தது.

"இந்தா வந்துட்டேனுங்க."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. பெயர் கூப்பிட்ட பெண் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தினாள். விஜேந்திரனுக்கு அடுத்து இருந்த இளம்பெண் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். நல்ல சேலை கட்டிய ஓர் அம்மாள், இரக்கத்தோடுதான், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "பாவம், டிவியில கொழுந்தம்மாவப் பாத்துப் பாத்து இந்தப் பாட்டிக்கும் அப்படியே வந்துட்டு."

ராசம்மா பாதி வழியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யார் சிரித்தது என்று பார்க்கவில்லை. மகன் கூட வருகிறானா என்று பார்த்தாள்.

விஜேந்திரன் எழவில்லை. எழுந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும், மாஸ்க்கைக் கழற்ற வேண்டும், இவள் என் அம்மா என்று சொல்ல வேண்டும். சொன்னால் மீதியும் எல்லோருக்கும் விளங்கிவிடும். அன்னலட்சுமி எழுந்து ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

கதவு மூடியதும் பக்கத்துப் பெண் கைபேசியை அவன் பக்கம் நீட்டினாள். "பாருங்க அண்ணன், அச்சு அசல் கொழுந்தம்மா."

அவன் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். மாஸ்க்குக்குள்ளே அவன் சிரித்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது. இத்தனை வருட நடிப்பில் அவ்வளவு இயல்பாக ஒரு சிரிப்பு அவனுக்கு வந்ததில்லை.

வெளியே வந்த பிறகு, அம்மாவை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கப் போகும் வழியில் அன்னலட்சுமி பேசினாள். அவள் சத்தம் போடுகிறவள் அல்ல.

"அண்ணே, ஒனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அம்மா ரெண்டு வருசமா கோயிலுக்குத் திருவிழா அன்னிக்குப் போறதில்ல. மத்த நாள்ல ஆளில்லாத நேரம் பாத்துப் போகும். பீலியில தண்ணி புடிக்கிறதுக்கும் எல்லாரும் போன பொறகுதான் எறங்கும். நடந்தா பின்னால புள்ளைங்க அதே மாதிரி கால இழுத்து நடக்குதுங்க."

"என்கிட்ட ஏன் நீ சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு. ஒனக்கு இப்பதான் ஒரு பேரு வந்திருக்குன்னுச்சு."

அன்று சாயந்தரம் லயத்தில், அன்னலட்சுமி அடுப்படியில் இருந்தபோது, விஜேந்திரன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, அது நீதான்னு ஒனக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே தெரியும். பக்கத்து வீட்டு ஆளுங்கெல்லாம் இங்கதான் வந்து பாத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்னா செய்யிறது."

ராசம்மா காலை நீட்டி, வலிக்கிற இடத்தை அமுக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு நெனச்சேன். நீ அதுல வலது கால இழுக்குற. எனக்கு எடது காலுதானே? விழுந்தப்ப நீதானே கூட இருந்த. நாலு மாசம் நீதானே தோள் குடுத்து வெளியில கூட்டிப் போவ. எந்தப் பக்கம் தோள் குடுத்தன்னுகூடவா மறந்துபோச்சு?"

அவள் குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அவனால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றான். கவனிப்பு, உன்னிப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதன், சொந்தத் தாயின் எந்தக் கால் ஒடிந்தது என்று தெரியாமல் நாலு வருடம் அவளை நடித்திருக்கிறான். அவளைத் திருடியதுகூட ஒழுங்காகத் திருடவில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும் ஜஸீலிடம் போய், இனி என்னால் முடியாது என்றான். காரணத்தையும் சொன்னான்.

"எனக்கு நீங்க முந்தியே சொல்லியிருக்கணும் அண்ணன்" என்றார் ஜஸீல். "எனக்கும் உம்மா இருக்கா. ஆனா இன்னும் ஒம்பது வாரத்துக்கு ஒப்பந்தம் இருக்கு. நான் மேல போய் என்ன சொல்லுவேன்?"

விஜேந்திரன் அந்த ஒன்பது வாரமும் நடித்தான். மறுத்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறான். அப்போது மறுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சேலை கட்டும்போது எந்தக் காலை இழுப்பது என்று ஒரு கணம் தடுமாறுவான். இடது காலை இழுத்தால் அது அம்மாவேதான். வலது காலை இழுத்தால் பொய். பொய்யையே தொடர்ந்தான்.

கடைசி வாரம் முடிந்து ஒரு தீபாவளி மேடை நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். நடந்து காட்டச் சொன்னதும் அவன் ஒலிவாங்கியை வாங்கி, "இது என் அம்மாவின் நடை. கொழுந்து சுமந்து விழுந்ததால் வந்த நடை. அதை வைத்து உங்களைச் சிரிக்க வைத்தது தப்பு" என்றான். யாரோ பின்வரிசையிலிருந்து "இந்தா வந்துட்டேனுங்க" என்று கத்த, எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். நான்கு வருடமாக அவன் சொன்ன எதையும் நம்ப வேண்டியிராத சனம் அது. அவன் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

அதன் பிறகு பெரிய வாய்ப்பு எதுவும் வரவில்லை. பிறமொழி நாடகங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறான். இடையிடையே ஒரு காட்சி, இரண்டு காட்சி கிடைக்கும். மாதம் ஒருமுறை பசறைக்குப் போகிறான்.

இந்த வருடம் மாசியில் அம்மாவுக்கு மறுபடி வைத்தியரைக் காணும் நாள் வந்தது. இந்த முறை அவன் தொப்பியோ மாஸ்க்கோ எடுத்து வரவில்லை. அம்மா புறப்பட்டு நின்றபோது அவனும் செருப்பைப் போட்டான்.

"நீ வேணாம் தம்பி. அன்னம் வரட்டும்" என்றாள் ராசம்மா. "ஒன்னக் கண்டா ஆளுங்க கூடுவாங்க. எனக்கு ஏலாது."

அவன் செருப்பைக் கழற்றி வைத்தான். அவர்கள் இருவரும் பாதையில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்னலட்சுமி அம்மாவின் இடது பக்கம் நடந்தாள்.

பிற்பகல் மூன்றரைக்குத் திரும்பி வந்தார்கள். எலும்பைச் சரிசெய்ய ஒரு சத்திர சிகிச்சை செய்யலாம், கொழும்புக்குத்தான் போக வேண்டும், பிறகு ஒன்றரை மாதம் அங்கேயே தங்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னாராம். அவன் ஆக்கி வைத்திருந்த சோற்றை அம்மாவுக்குப் போட்டான்.

"எங்க வீட்டுலயே தங்கலாம்மா. நான் பாத்துக்கறேன்."

ராசம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"அங்கயும் அந்த நாடகத்த டிவில பாத்தவங்கதானே?"

"பாத்தவங்கதான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறான். மழையைப் பற்றி, அன்னலட்சுமியின் பிள்ளைகளைப் பற்றி, பருப்பு விலையைப் பற்றி எல்லாம் பேசுகிறார்கள். கொழும்புக்கு வருவதைப் பற்றி அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்பது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.